பன்னிரண்டு விளக்கும் ஒரு படிக்கட்டும்

ராத்திரி ஏழரை மணி. லிஃப்ட் வழக்கம்போல மக்கர். மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து, பேப்பரை முழுசாக விரித்து முகத்தை மறைத்தபடி ஒரு பெரியவர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. என் அப்பா!

எனக்குப் பகீரென்றது. மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டையா? கோபித்துக்கொண்டு வெளிநடப்பா? கும்பகோணத்துக்கு பஸ் ஏறக் கிளம்பியவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாரா?

"என்னப்பா, இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க? வீட்ல ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். குடியிருப்போர் சங்கம் மாட்டிய நாலடி ட்யூப் லைட். ஒரு பக்கம் ஒட்டடை, இன்னொரு பக்கம் நிரந்தரக் குடியுரிமை பெற்ற ஒரு பல்லி. அதற்குக் கீழேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்!

மேலே என் வீட்டு ஹாலில் பன்னிரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பன்னிரண்டும் கடன் வாங்கி மாட்டியவை.

'வாவ்' சொல்லணும் சார்!

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பி.காம். பத்து வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது எழுதிப் பிழைக்கிறவன். அடுத்தவர் கணக்கில் அஞ்சு ரூபாய் உதைத்தால் ராத்திரி தூக்கம் வராது. சொந்தக் கணக்கில் அஞ்சாயிரம் உதைத்தாலும் கொட்டாவிதான் வரும். மடிப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கியபோது (இருபது வருஷத் தவணை சார், பாக்கி பதினெட்டு!) விளக்கு வாங்கப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபம் தோற்றது. கூரை தெரியாமல் விளக்குகள், அத்தனையும் எரிகின்றன. அந்த ஜோதி வெள்ளத்தில் எந்த விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. விற்பனைப் பையன் கேட்ட முதல் கேள்வி, "பட்ஜெட் என்ன சார்?" இரண்டாவது கேள்வி கிடையாது. நேரே தீர்ப்பு.

"ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுத்தி பன்னெண்டு ஸ்பாட் லைட் குடுத்துருவோம். நடுவுல ஸ்ட்ரிப் லைட். வார்ம் கலர். உள்ள நுழையறவங்க 'வாவ்'னு சொல்லணும் சார்!"

சொன்னார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தனை பேரும் 'வாவ்' சொன்னார்கள். சாப்பிட்டார்கள், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த விளக்குகளுக்குக் கீழே குடித்தனம் நடத்த நான், மனைவி, அப்பா என்று மூன்று பேர் மிஞ்சினோம்.

அம்மா போன பிறகு அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து அழைத்து வந்திருந்தேன். எழுபத்து நாலு வயது. தலையங்கம் முதல் வரி விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற ஜாதி. சாயந்திரம் காபிக்கு அப்புறம்தான் அவருக்குப் பேப்பர் நேரம். வந்த கொஞ்ச நாளிலேயே சாயந்திரப் படிப்பு நின்றுபோனது. "காலையில படிச்சுக்கறேன்" என்றார். அம்மா நினைப்பில் மனசு ஒட்டவில்லை போலிருக்கிறது என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். அவருக்கு எழுத்து தெரியவில்லை என்கிற சின்ன விஷயம் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் நம் ஊரில் 'ட்யூப் லைட்' என்று பட்டம்!

டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, கண்ணாடி பவர் கொஞ்சம் மாற்றலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி:

"ராத்திரி எந்த லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறார்?"

"வீட்ல பன்னெண்டு லைட் இருக்கு டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தனைன்னு கேக்கலை சார். எதுன்னு கேட்டேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். வயதாக ஆகக் கண்ணின் பாப்பா சுருங்குகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிறது. இருபது வயதுப் பையனின் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகும். அதாவது, அதே அறையில், அதே விளக்கின் கீழ், நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. எனக்கு 'ரொமான்டிக்' ஆகத் தெரிகிற மங்கல், அவருக்கு அரை இருட்டு. போதாததற்கு, புரை இருந்தால் நேராகக் கண்ணில் அடிக்கிற கூச்சமும் ஆகாது. வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் விளக்கு கண்ணில் குத்தக்கூடாது.

"லைட்டை முதல்ல சரி பண்ணுங்க" என்றார் டாக்டர்.

"நாளைக்கே பண்ணிடறேன்" என்றேன். நாளை வந்தது, நாளை மறுநாள் வந்தது. ஒரு வாரம் ஓடிப் போனது.

எட்டாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் 'தொம்' என்று சத்தம். ஓடினோம். பாத்ரூம் வாசலில் அப்பா விழுந்து கிடந்தார். உள்ளே தரை ஒண்ணரை அங்குலம் பள்ளம்; இருட்டில் கால் தடுக்கிவிட்டது.

"ஏன் மாமா லைட்டைப் போடலை?" என்று கேட்டாள் மனைவி, அழுதுகொண்டே.

"எந்த ஸ்விட்ச்சுன்னு தெரியலைம்மா. மாத்திப் போட்டா உங்க ரூம் லைட் எரிஞ்சு எழுந்துடுவீங்களேன்னு..."

சுவரில் இருக்கிற பலகையில் எட்டு ஸ்விட்ச். எட்டும் ஒரே அச்சு. இரட்டைக் குழந்தைகளைக்கூட மச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இவற்றுக்கு அதுவும் கிடையாது. அழகாக இருக்கிறது என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். மூன்று வாரம் மாவுக்கட்டு. "இடுப்பு எலும்பா இருந்திருந்தா கதையே வேற. அதிர்ஷ்டசாலி" என்றார் எலும்பு டாக்டர். நான் ஒன்றும் பேசவில்லை.

வாட்ஸ் செலவு, லூமன் வரவு

விடிந்ததும் வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முப்பது வருஷமாக இந்த ஏரியாவில் கம்பி இழுக்கிறவர். வந்தவர் விளக்குகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை எடுத்துப் பிடித்தார். பிறகு எழுந்து, "சார், நீங்க வந்து உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பேப்பரில், சரியாகத் தலையங்கத்தின் மேல், ஒரு பெரிய கறுப்பு உருண்டை. என் தலையின் நிழல்!

"வெளிச்சம் பூராவும் செவுத்துக்கும் தரைக்கும்லா போகுது! ஐயா மடிக்கு எங்க வருது?" என்றார் அண்ணாச்சி.

அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தை என் பாஷையில் தருகிறேன். விளக்கு அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வாட்ஸ், இன்னொன்று லூமன். வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் கரண்ட். அது செலவுப் பக்கம். லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சம். அது வரவுப் பக்கம். நாம் குண்டு பல்ப் காலத்துப் பழக்கத்தில் இன்னமும் "எத்தனை வாட்ஸ்?" என்று செலவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் தந்தது சுமார் 700 லூமன். இன்றைய 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் சுமார் 900 லூமன் தருகிறது. தினம் அஞ்சு மணி நேரம் எரித்தால், இரண்டு மாத பில்லில் குண்டு பல்ப் 18 யூனிட் சாப்பிடும், எல்.இ.டி. மூன்று யூனிட்டுக்கும் குறைவு. மத்திய அரசு 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கி மலிவு விலையில் 36 கோடிக்கும் மேல் பல்புகளை விற்றதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வாங்கும்போது லூமனை வாட்ஸால் வகுத்துப் பாருங்கள். நூறும் அதற்கு மேலும் வந்தால் நல்ல பல்ப். எண்பதுக்கும் கீழே இறங்கினால் மரியாதையாக அட்டையைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது என் வீட்டுக் கணக்கு. ஒரு 3 வாட்ஸ் ஸ்பாட் லைட் சுமார் 250 லூமன். பன்னிரண்டுக்கு 3,000. படிக்கட்டு ட்யூப் 20 வாட்ஸ் எல்.இ.டி.; சுமார் 2,000 லூமன். ஆக, மொத்த வரவில் என் வீடுதான் பணக்காரன்! ஆனால் ஸ்பாட் லைட் என்பது டார்ச் மாதிரி. எந்தப் பக்கம் திருப்பி வைத்தோமோ அந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் போடும். என் பன்னிரண்டும் சுவரோரமாக நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன. நடுவிலிருந்த ஸ்ட்ரிப் லைட் கூரைக்கு வெளிச்சம் காட்டியது. கூரையில் யாரும் பேப்பர் படிப்பதில்லை. போதாக்குறைக்கு, டி.வி. பின்னால் ஒரு சுவருக்குக் காபிப்பொடி கலர் அடித்திருந்தேன். வெள்ளைச் சுவர், மேலே விழும் வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுக்கும். அடர் நிறச் சுவர் கால்வாசி கொடுத்தாலே பெரிசு, மிச்சத்தை முழுங்கிவிடும். கம்பெனி லாபத்தில்தான் ஓடுகிறது. ஆனால் முக்கியமான பங்குதாரருக்கு டிவிடெண்ட் போய்ச் சேரவில்லை!

காலரைப் பிடிக்கும் கலர்

அடுத்தது நிறம். நம் தாத்தா காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. குண்டு பல்ப் என்றால் மஞ்சள், ட்யூப் என்றால் வெள்ளை. ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள், இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா, பிரகாசமான நீல நிற எல்.இ.டி.யை உருவாக்கினார்கள். அதற்காக 2014-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை வெளிச்சம். பூச்சைக் கூட்டிக் குறைத்தால் எந்தச் சாயல் வெள்ளை வேண்டுமானாலும் கிடைக்கும்.

அட்டையில் இதை 'கே' என்ற எழுத்தோடு எண்ணாகப் போட்டிருப்பார்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் சாயல், வார்ம். 4000 நடுத்தரம். 6500 நீலம் கலந்த பளீர் வெள்ளை. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று பல பேர் நினைக்கிறார்கள். கிடையாது. அது நிறத்தின் எண் மட்டுமே.

எங்கே எது? தூங்குகிற அறைக்கும், சாயந்திரம் சும்மா உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கும் வார்ம். படிக்க, எழுத, காய் நறுக்க, அரிசியில் கல் பொறுக்க 4000 அல்லது அதற்கு மேல். ராத்திரி தூங்குமுன் 6500 வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தால் தூக்கம் தள்ளிப் போகும். அதனால் படுக்கையறையில் அது வேண்டாம்.

இன்னொரு எண்ணும் உண்டு: சி.ஆர்.ஐ. பொருள்களின் நிஜ நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மார்க். சூரிய வெளிச்சத்துக்கு நூறு. வீட்டு விளக்குக்கு எண்பதாவது இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிய ஒரு மலிவு பல்புக்குக் கீழே நின்றுதான், "இந்தப் புடவை கறுப்பா, கரு நீலமா?" என்று மனைவி கேட்டாள். கறுப்பு என்றேன். கல்யாணத்துக்கு மேட்சிங் தப்பாகிப் போனதற்கு இன்றுவரை நான்தான் குற்றவாளி.

மினுக்கலையும் பரிசோதியுங்கள். கடையிலேயே செல்போன் கேமராவை விளக்கின் பக்கம் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று அர்த்தம். நாள் பூரா ஆபீசில் கம்ப்யூட்டரை முறைத்துவிட்டு வருகிற நமக்கு வீட்டிலும் தலைவலி எதற்கு?

விசிறியும் விளக்கும் சக்களத்திகள்

அண்ணாச்சி ஃபேனைப் போட்டார். "மேல பாருங்க சார்" என்றார். இரண்டு ஸ்பாட் லைட்டுகள் ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே! இறக்கை சுற்றச் சுற்ற வெளிச்சம் துண்டு துண்டாக நறுக்கப்பட்டுத் தரையில் பளிச் பளிச்சென்று ஆடியது. ஹாலுக்குள் நுழைந்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பது ஆறு மாதம் கழித்துப் புரிந்தது. (அதுவரை மனைவிதான் காரணம் என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.)

சாதாரண ஃபேன் 1200 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் இரண்டடி வரை இறக்கை சுற்றும். விளக்கை அதைத் தாண்டி, தாராளமாகத் தள்ளி வையுங்கள். அல்லது சுவரில், இறக்கை மட்டத்துக்குக் கீழே ஒரு ட்யூபை மாட்டுங்கள். நம் முன்னோர்கள் சுவரில் ட்யூப் மாட்டியது ரசனை இல்லாததால் அல்ல!

ஜீரோ வாட்ஸ் என்னும் பொய்க் கணக்கு

ராத்திரி விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் எல்லார் வீட்டிலும் 'ஜீரோ வாட்ஸ்' பல்ப் ஒன்று விடிய விடிய எரியும். கரண்டே ஆகாது என்று அப்பாவும் நம்பினார், தாத்தாவும் நம்பினார். உண்மையில் அது 12 முதல் 15 வாட்ஸ் வரை சாப்பிட்டது. பழைய மீட்டரில் அவ்வளவு சின்ன அளவு ஏறாமல் போனதால் 'ஜீரோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடிட்டர் ஆபீசில் இதற்கு வேறு பெயர் உண்டு, இங்கே வேண்டாம்.

ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் 15 வாட்ஸ் பல்ப் வருஷத்துக்கு 55 யூனிட். அரை வாட்ஸ் எல்.இ.டி. இரவு விளக்கு வருஷம் பூரா எரிந்தாலும் இரண்டு யூனிட் ஆகாது. இது நிஜமான ஜீரோ, கிட்டத்தட்ட. அப்பாவின் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, முழங்காலுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் இரண்டு மாட்டினோம். கூரையில் மாட்டினால் படுத்திருப்பவர் கண்ணில் அடிக்கும். காலடியில் இருந்தால், பார்க்க வேண்டிய தரையை மட்டும் காட்டும். பாத்ரூம் வாசலில், ஆள் வந்தால் தானே எரிகிற சென்சார் விளக்கு ஒன்று. வாசல் விளிம்பில் மஞ்சள் டேப்.

எட்டு ஸ்விட்சுக்கும் மனைவி பெயர் எழுதி ஒட்டினாள்: 'ஹால்', 'நடை', 'பாத்ரூம்', 'ஃபேன்'. ஸ்ட்ரிப் லைட்டுக்கு மட்டும் 'வாவ்' என்று எழுதியிருக்கிறாள்.

பூஜை போட்டால் போதாது

வாங்கினால் ஆயிற்றா? பராமரிக்க வேண்டாமா? நாம் ஆயுத பூஜைக்கு ஸ்விட்ச் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போன மழைக்கு வந்து வீரமரணம் அடைந்த ஈசல்கள் அப்படியே இருக்கும். தூசும் பூச்சியும் படியப் படிய வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மெல்லக் குறைவதால் நமக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால், புது விளக்கு வாங்கிய மாதிரி இருக்கும்.

துடைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இது அனுபவம். முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில், ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் பல்ப் மாற்ற ஏறினேன். ஹோல்டரைத் தொட்டதும் ஒரு உதை! சாய்ந்து ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நான் கட்டிலில் விழுந்ததால் இந்தக் கட்டுரை. எவனோ ஒரு புண்ணியவான் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் ஸ்விட்சைக் கொடுத்திருக்கிறான். அப்படி இருந்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஆகவே மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நாலு காலும் சமமாக நிற்கும் ஸ்டூலில் ஏறுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்ப் பேய் மாதிரி மங்கலாக எரிந்தால் அதற்கும் இந்த நியூட்ரல் தப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்விட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கும் காரணமாகலாம். வயர்மேனிடம் காட்டுங்கள். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அப்படியே கேளுங்கள். ஷாக் அடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

துடைப்பது காய்ந்த துணியால் மட்டும். கழற்ற முடிகிற கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். பழைய ட்யூபோ சி.எஃப்.எல்.லோ உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. துடைப்பத்தால் பெருக்காமல், அட்டையால் வாரி மூடிப் போட்டு வையுங்கள்.

'25,000 மணி நேரம் உழைக்கும்' என்று அட்டையில் இருக்கும். தினம் அஞ்சு மணி நேரம் என்றால் 13 வருஷத்துக்கு மேல். ஆனால் ஒண்ணரை வருஷத்தில் ஏன் மண்டையைப் போடுகிறது? எல்.இ.டி. சில் சாவதில்லை சார். அதற்குக் கரண்ட் பதம் பண்ணித் தருகிற டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் வெந்து சாகிறது. அதன் எதிரி சூடு. காற்றே புகாத மூடிய கிண்ணத்துக்குள் பெரிய வாட்ஸ் பல்பைத் திணித்தால் சீக்கிரம் போகும். மூடிய கிண்ணத்தில் சின்ன பல்ப், பெரிய பல்புக்குத் திறந்த ஹோல்டர், இதுதான் விதி.

ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுகிறவர்கள் டிரைவர் தனியாகக் கழற்ற முடிகிற விளக்காகக் கேட்டு வாங்குங்கள். அதுவே நூறு, இருநூறு ரூபாயில் வேலையை முடிக்கும். எல்லாம் ஒட்டிப் பிறந்த விளக்கு என்றால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும். அதே மாடல் கடையில் இல்லாவிட்டால் கூரை ஓட்டைக்கும் புது விளக்குக்கும் சைஸ் சேராது. ஓட்டையின் அளவைக் குறித்து வையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பல்பின் அடிப்பாகத்தில் மாட்டிய தேதியைப் பேனாவால் எழுதுங்கள். கியாரண்டி சண்டையில் கடைக்காரர் வாயடைத்துப் போவார்.

அட்டையில் ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நட்சத்திரக் குறியும் உண்டு. அதிக நட்சத்திரம், குறைந்த கரண்ட்.

மேன்ஷன் வாசிகளுக்கு

"சொந்த வீடு உனக்கு. எட்டுக்குப் பத்து ரூமில் மூணு பேர் படுக்கிற எனக்கு என்னய்யா?" என்று கேட்கும் திருவல்லிக்கேணி அன்பர்களே, நானும் அங்கே குப்பை கொட்டியவன்தான். கூரையைத் தொட ஓனர் விட மாட்டார். தொட வேண்டாம். ஒரு மேஜை விளக்கோ, கட்டிலில் கவ்வுகிற கிளிப் விளக்கோ வாங்குங்கள். ஒரே பல்பை ஆறடி தூரத்திலிருந்து இரண்டடிக்குக் கொண்டுவந்தால் பக்கத்தின் மேல் விழும் வெளிச்சம் ஒன்பது மடங்கு. ஒரு பைசா கரண்ட் கூடுதல் இல்லை. ரூம்மேட் தூக்கமும் கெடாது. பரீட்சைக்குப் படிக்கிற தம்பிகள் இதை முதலில் செய்யுங்கள்.

நாங்களும் கடைசியில் அப்பாவுக்குச் செய்தது இதுதான். நாற்காலிக்கு இடது தோள் பக்கம், பல்ப் கண்ணில் படாமல் மூடியிருக்கிற ஒரு ஸ்டாண்டு விளக்கு. 9 வாட்ஸ், 4000 கே. சுவரில் ஒரு ட்யூப். ஃபேனுக்கு மேலிருந்த இரண்டு ஸ்பாட் லைட்டையும் இடம் மாற்றியாயிற்று. காபிப்பொடிச் சுவருக்கு வெள்ளை. மொத்தச் செலவு, ஃபால்ஸ் சீலிங்குக்கு அழுததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமுள்ள பத்து ஸ்பாட் லைட்டும் விருந்தாளி வந்தால் எரியும்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று சாயந்திரம், அப்பா புது விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். வரி விளம்பரம் வரை போனார். "ம்... நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பாரத ரத்னா!

போன வாரம் ராத்திரி ஏழரை மணி. லிஃப்ட் மக்கர். ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அதே பேப்பர், அதே அப்பா!

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னப்பா இது? அவ்வளவு பண்ணியும் வெளிச்சம் பத்தலையா?"

"வெளிச்சத்துக்கு என்னடா குறைச்சல்? பிரமாதமா இருக்கு" என்றார். பக்கத்துப் படியில் வாட்ச்மேன் பெரியவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இவருக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம். அதான், படிச்சுச் சொல்லிட்டு இருக்கேன். நீ போ, பத்து நிமிஷத்துல வரேன்."

வீட்டுக்குப் போய் ஸ்டூலையும் துணியையும் எடுத்து வந்தேன். வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டு வந்தார். அந்தப் படிக்கட்டு ட்யூபின் ஒட்டடையை நான் துடைத்து முடிக்கும்வரை அப்பா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.